ஜாவாஸ்கிரிப்ட் பின்னழைப்பும் மாறியின் மதிப்பும்

ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். வழங்கியிடம் தகவல் கேட்டு, விடை வந்ததும் அதை ஒரு மாறியில் இடும்படி, கால்பேக் எனப்படும் பின்னழைப்புச் சார்பை எழுதுவர். அடுத்த வரியிலேயே அம்மாறியை அச்சிட்டால் 'அன்டிஃபைன்ட்' என்று வரும். எழுத்துப்பிழை ஏதும் இராது; கேட்ட நேரம்தான் தவறு.

குன்னத்தூர், திருப்பூர்ப் பக்கத்தாருக்கு இதை எளிதில் விளக்கலாம். துணி ஏற்றிய வண்டி சாயப்பட்டறைக்குப் போய்ச் சேருமுன் கட்டிங் மேசையில் நிறத் துணியைத் தேடினால் கிடைக்குமா? "சாயம் ஏறி வந்ததும் வெட்டு" என்று ஆளிடம் சொல்லி வைப்பதே பின்னழைப்பு.

இம்மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்து நாட்களில் உருவாக்கினார். இதன் நிரல் ஒரே இழையில் ஓடும். கையிலுள்ள வேலை முழுதும் முடிந்த பிறகே, வரிசையில் காத்திருக்கும் பின்னழைப்புகள் எடுக்கப்படும். விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிட்டாலும் இவ்விதி மாறாது. இதை அறியாமல் சிலர் அரை நொடி காத்திருக்கச் செய்து சமாளிப்பர். இணைப்பு மெதுவாகும் நாளில் அது கைவிட்டுவிடும்.

பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தகவல் பெறும் வசதி 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் வந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டார். அதே ஆண்டில், சென்னையில் பொறியாளர் குழு கொண்டிருந்த அட்வென்ட்நெட், இன்றைய ஸோகோ, உலாவியிலேயே ஆவணம் எழுதும் ஸோகோ ரைட்டரை வெளியிட்டது. 2009இல் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் இம்மொழியை வழங்கிக்குக் கொண்டு சென்றது. கோப்பைப் படிக்கவும் பின்னழைப்பு, தரவுத்தளத்துக்கும் பின்னழைப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நிரலர்கள் அதை நரகம் என்றே அழைத்தனர்.

மாற்றாக வந்தது பிராமிஸ், அதாவது வாக்குறுதி. பெயர் பழையது: 1976இலேயே டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைசும் பயன்படுத்தினர். 1988இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரிராவும் இக்கருத்தை வளர்த்தனர். ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் இது 2015இல்தான் இடம்பெற்றது. ஏற்கெனவே சி ஷார்ப் மொழியில் இருந்த அசிங்க், அவெயிட் சொற்கள் 2017இல் சேர்ந்தன.

அவெயிட் இட்டால் நிரல் மேலிருந்து கீழாக வாசிக்க எளிதாகிறது. ஆயினும் அசிங்க் சார்பை வெளியிலிருந்து அழைப்பவர் கையில் கிடைப்பது துணி அல்ல, டெலிவரி சலான். மதிப்பு வேண்டுமெனில் அவரும் அவெயிட் இட வேண்டும், அல்லது 'தென்' மூலம் பின்னழைப்புத் தர வேண்டும்.