செட்னாவின் அண்மைநிலை: ஒன்பதாம் கோள் வாதத்தில் எது சான்று?

நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பெருங்கோள் இருக்கிறது என்ற கருதுகோளுக்கு 2016-இல் கான்ஸ்டன்டின் பாட்டிகின், மைக் பிரவுன் ஆகியோரின் கட்டுரை புத்துயிர் தந்தது. அன்று முதல் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: தொலைதூரப் பனிப்பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பது மெய்யா, தோற்றமா? அந்த இரைச்சலில் இரு வேறு சான்றுகள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. சில பாதைகள் நெப்டியூனின் பிடிக்கு எட்டாமல் விலகி நிற்பது ஒன்று. அவை திசையில் குவிந்திருப்பதாகச் சொல்லப்படுவது மற்றொன்று. விலகல் ஐயத்துக்கு இடமற்றது, ஆனால் கடந்த காலத்தைப் பற்றியே பேசுகிறது. இன்றும் அங்கே ஒரு கோள் இருக்க வேண்டுமென்று கோருவது குவிவு. அது இன்னும் நிறுவப்படவில்லை என்பதே என் வாதம்.

பாதையிலிருந்து வரலாற்றைப் படிக்கும் முறை புளூட்டோவிடம் தொடங்கியது. புளூட்டோ சூரியனிலிருந்து 29.7 முதல் 49.3 வானியல் அலகு (ஓர் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) வரை போய்வருகிறது. அதாவது நெப்டியூனின் பாதைக்கு உள்ளேயும் வருகிறது. ஆயினும் இரண்டும் மோதுவதில்லை. நெப்டியூன் மூன்று முறை சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. இந்த ஒத்திசைவு இரண்டையும் எப்போதும் தள்ளியே வைக்கிறது. ரேணு மல்ஹோத்ரா 1993-இல் இதற்கு ஒரு காரணம் காட்டினார்: நெப்டியூன் பிறந்த இடத்திலிருந்து மெல்ல வெளிநோக்கி நகர்ந்தது, வழியில் புளூட்டோவை ஒத்திசைவில் சிக்கவைத்துத் தன்னுடன் தள்ளிக்கொண்டு போனது. அதே ஒத்திசைவில் இன்று நூற்றுக்கணக்கான சிறு பொருள்கள் அறியப்பட்டுள்ளன. அந்த நகர்வை யாரும் பார்க்கவில்லை, ஆனால் அது விட்டுச்சென்ற தடம் இருக்கிறது.

நெப்டியூனால் செய்ய முடியாததும் ஒன்று உண்டு. ஒரு பொருள் அதன் அருகே வரும்போதெல்லாம் ஈர்ப்பின் உதை கிடைக்கிறது. ஊஞ்சலை அடிப்புள்ளியில் தள்ளினால் அது மேலும் உயரப் போகுமே தவிர அடிப்புள்ளி மாறுவதில்லை. அதுபோலவே பாதை சூரியனைவிட்டு மிக விலகும் புள்ளியான சேய்மைநிலை நூறு, ஐந்நூறு, ஆயிரம் வானியல் அலகு எனப் பெருகினாலும், மிக நெருங்கும் புள்ளியான அண்மைநிலை உதை கிடைத்த வட்டாரத்திலேயே, ஏறத்தாழ 30 முதல் 40 வரையிலேயே, நின்றுவிடும். 2005-இல் கண்டறியப்பட்ட ஏரிஸ் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: சேய்மைநிலை 97-ஐத் தாண்டுகிறது, அண்மைநிலை 38 மட்டுமே. சில ஒத்திசைவுகள் அண்மைநிலையைச் சற்று உயர்த்தக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

2003-இல் பிரவுன், ட்ரூஹியோ, ரபினோவிட்ஸ் ஆகியோர் கண்ட செட்னா அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. அதன் அண்மைநிலை 76 வானியல் அலகு, நெப்டியூனின் தொலைவைப் போல் இரண்டரை மடங்கு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11,000 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட பாதை உதையால்தான் உருவாகும். உதைத்த கோள் அருகில் இருந்திருக்க வேண்டும். இன்றோ எந்தக் கோளும் அருகில் இல்லை. ஆகவே நீண்டபின் அந்தப் பாதையை யாரோ வெளியிலிருந்து இழுத்து உயர்த்தியிருக்கிறார்கள். பால்வீதியின் ஓத ஈர்ப்பு இவ்வேலைக்குப் போதாது. அது வலுப்பெறுவது இன்னும் பன்மடங்கு தொலைவில். 2014-இல் அறிவிக்கப்பட்ட 2012 விபி113, 80 வானியல் அலகுக்கு உள்ளே வருவதே இல்லை. எனவே செட்னாவைத் தனி விபத்து என்று ஒதுக்கவும் வழியில்லை. என் பார்வையில், வெளிச் சூரியக் குடும்பத்தைப் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் கிடைத்த மிக வலுவான செய்தி இதுதான்.

ஆனால் யார் இழுத்தது? சூரியன் விண்மீன் கூட்டம் ஒன்றில் பிறந்தபோது அருகே கடந்துபோன ஓர் உடன்பிறப்பு விண்மீன் இழுத்திருக்கலாம். பின்னர் வெளியேற்றப்பட்ட ஒரு கோளாக இருக்கலாம். இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் கோளாகவும் இருக்கலாம். உயர்ந்த அண்மைநிலை இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டும் வேலையைத்தான் குவிவு செய்ய வேண்டியிருந்தது. பெருங்கோள்களின் ஈர்ப்பால் ஒவ்வொரு பாதையின் நெட்டச்சும் மெல்லத் திசை திரும்புகிறது, ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில். எனவே ஆதியில் ஒருங்கே நின்ற பாதைகள் 450 கோடி ஆண்டுகளில் சிதறியிருக்க வேண்டும். இன்றும் ஒருங்கே நின்றால், அவற்றைப் பிடித்துவைக்கும் ஒன்று இன்றும் இருந்தாக வேண்டும். இந்தத் தருக்கத்தில் ஓட்டையில்லை. பாட்டிகினும் பிரவுனும் ஆறு பொருள்களை வைத்து, இக்குவிவு தற்செயலாக அமைய 0.007 விழுக்காடே வாய்ப்பு என்றனர்.

சிக்கல் அந்த ஆறு எப்படி நம் கண்ணில் பட்டன என்பதில் இருக்கிறது. இப்பொருள்கள் சூரிய ஒளியை எதிரொளித்தே தெரிகின்றன. ஒளி போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே பொலிவு தொலைவின் நான்காம் அடுக்கில் குறைகிறது. செட்னா அண்மைநிலையிலிருந்து 900 வானியல் அலகுக்குப் போனால் ஏறத்தாழ 20,000 மடங்கு மங்கிவிடும். எனவே எதைக் கண்டாலும் அதன் அண்மைநிலைக்குப் பக்கத்தில்தான் காண்கிறோம். அண்மைநிலை எந்தத் திசையில் அமைந்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் காண்கிறோம். தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கமே பாதைகள் குவிந்ததாகத் தோன்றும். விண்மீன்கள் நெரிந்து கிடக்கும் பால்வீதித் தளத்தை ஆய்வாளர்கள் தவிர்க்கிறார்கள். மேகமூட்டமான பருவங்களில் சில வானப்பகுதிகள் விடுபட்டுப் போகின்றன. ஆக, வானிலைகூடப் புள்ளிவிவரத்தில் நுழைந்துவிடுகிறது.

எங்கே, எவ்வளவு ஆழமாகத் தேடினோம் என்பதைத் துல்லியமாகப் பதிவுசெய்த ஓசோஸ் திட்டம், 2017-இல் தன் கண்டுபிடிப்புகள் எல்லாத் திசையிலும் சீரான பரவலுக்கு முரணாக இல்லை என்றது. மூன்று ஆய்வுகளின் 14 பொருள்களைச் சேர்த்து 2021-இல் நேப்பியர் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் பிரவுனும் பாட்டிகினும் சார்புகளைக் கழித்த பின்னும் குவிவு 99.6 விழுக்காடு உறுதி என்றனர். நேப்பியர் குழுவின் முடிவு குவிவை மறுத்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 14 பொருள்களால் அவ்வளவு சொல்ல இயலாது. ஆனால் நிறுவும் பொறுப்பு கோளை முன்மொழிபவரிடம்தான் இருக்கிறது. 2024-இல் பாட்டிகின் குழு, நெப்டியூனின் பாதையைக் கடக்கும் நீள்பாதைப் பொருள்களைக் கொண்டு குவிவைச் சாராத ஒரு வாதத்தை முன்வைத்தது. அது கவனத்துக்குரியது, எனினும் கணினிப் பாவனையில் தொடக்க நிலையை எப்படி அமைக்கிறோம் என்பதை அது பெரிதும் சார்ந்திருக்கிறது.

2025-இல் சுபாரு தொலைநோக்கியின் தரவிலிருந்து அறிவிக்கப்பட்ட 2023 கேக்யூ14 கணக்கை மேலும் சிக்கலாக்கியது. அதன் அண்மைநிலை 66 வானியல் அலகு. அதன் நெட்டச்சோ மற்ற செட்னா வகைப் பொருள்களுக்கு எதிர்த்திசையில் நிற்கிறது. அறியப்பட்ட செட்னா வகைப் பொருள்கள் நான்கின் பாதைகளையும் கணினியில் பின்னோக்கி ஓட்டியபோது, ஏறத்தாழ 420 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஒருங்கே நின்றதாகத் தெரிந்தது. நான்கே பொருள்களைக் கொண்ட கணக்கு இது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக்கூடாது. எனினும் அது சுட்டும் திசை தெளிவு: ஒரு பழைய நிகழ்வும், அதன்பின் தடையின்றி நடந்த சிதறலும்.

பாதைப் பிறழ்ச்சியிலிருந்து கோளைக் கணித்த முன்னுதாரணமாக எல்லோரும் 1846-ஐச் சொல்கிறார்கள். லெவெரியேயின் கணக்கு சொன்ன இடத்துக்கு அருகிலேயே நெப்டியூன் கிடைத்தது. லோவலின் 'எக்ஸ் கோள்' அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. யுரேனஸின் எஞ்சிய பிறழ்ச்சியை விளக்க அவர் தேடிய கோளின் பெயரால் 1930-இல் கிடைத்தது புளூட்டோ. புவியின் நிறையில் நானூற்றில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. வாயேஜர் 2 விண்கலம் 1989-இல் நெப்டியூனின் நிறையைத் திருத்தியபின், விளக்க வேண்டிய பிறழ்ச்சியே இல்லையென்று 1993-இல் ஸ்டாண்டிஷ் காட்டினார். இன்றைய குவிவு லெவெரியே வகையா, லோவல் வகையா என்பதைத் தீர்க்க மேலும் கூர்மையான புள்ளியியல் உதவாது. தெரிவுமுறை முழுதும் அறியப்பட்ட பெரிய பட்டியல் ஒன்றே உதவும். சிலியின் செரோ பச்சோனில் 8.4 மீட்டர் ஆடியுடன் இயங்கும் வேரா ரூபின் ஆய்வகம் அத்தகைய பட்டியலைத் தரக்கூடியது. அதுவரை, செட்னா ஒரு பழைய இழுப்புக்குச் சான்று. இன்றைய கோளுக்குச் சான்றன்று.