சாம்பலைக் காணும் கண்

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில், புகையூட்டி உலர்த்திய இறப்பர்த் தாள்களை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பர். உள்ளே குமிழி உண்டா, கசடு உண்டா என்பதைப் பழகிய கண் நொடியிற் கண்டுகொள்ளும். பழகாத கண்ணுக்கு எல்லாத் தாளும் ஒன்றே. பல் மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்து நோக்குவதும் இத்தகைய தொழிலே. அத்தொழிலின் வரலாற்றை ஆராயுமிடத்து, கண்ணின் இயல்போடு சமூகத்தின் இயல்பும் நமக்குப் புலப்படுகின்றது.

1895 நவம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்து ஒட்டோ வால்க்ஹோஃப் தம் பற்களைப் படம்பிடித்தார். அதற்கு 25 நிமிடம் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் இக்கலைக்கு வழிகாட்டிய எட்மண்ட் கெல்ஸ், கதிரின் வன்மையைச் சரிபார்க்கத் தம் கையையே இடையில் நிறுத்தி நோக்கி வந்தார். விரல்களையும் பின்னர் ஒரு கையையும் இழந்து 1928இல் மறைந்தார். இன்று நாம் எளிதாக நோக்கும் சிறு படத்தின் பின்னே இத்தகைய தியாகங்கள் உள்ளன.

படத்தில் காண்பது நிழலே. மிளிரி எனப்படும் பல்லின் வெளிக்கவசம் கதிரைப் பெரிதும் தடுப்பதால் வெண்மையாகத் தோன்றும். அதனுள்ளிருக்கும் பகுதி சாம்பலாகும். சொத்தை விழுந்த இடம் கதிரை விட்டுவிடுவதால் கருக்கும். ஆயின் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே எண்ணற்ற சாம்பற் சாயல்கள் உள்ளன. நோயின் தொடக்கம் பெரும்பாலும் அவற்றுள்ளேயே ஒளிந்திருக்கும்.

அச்சாயல்களைக் கண் உள்ளபடியே அளந்து கூறுவதில்லை. 1865இல் ஏர்ன்ஸ்ட் மாக் என்ற அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்: வெளிச்சமும் இருளும் சந்திக்கும் எல்லையில், உண்மையில் இல்லாத கருங்கோடொன்றைக் கண்ணே படைத்துக்கொள்கிறது. மிளிரியும் உட்பகுதியும் சந்திக்குமிடத்தில் தோன்றும் இப்பொய்க் கோட்டைச் சொத்தையென மயங்கி, நல்ல பல்லைத் துளையிட இடமுண்டு. வெண்மையான பகுதியை ஒரு தாளால் மறைத்தால் பொய்க்கோடு மறைந்துவிடும். உண்மைச் சொத்தை மறையாது. இதனாலன்றோ அறையை மங்கலாக்கி, படத்தைச் சுற்றிக் கறுப்பு அட்டையிட்டு, வெயிலிலிருந்து வந்த கண் அடங்கும்வரை பொறுத்திருந்து நோக்குமாறு மாணவர்க்குக் கற்பிக்கின்றனர்!

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நெஞ்சுப் படங்களை வைத்து நடத்திய ஆய்வுகள் மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தன. ஒரே படத்தை நோக்கிய நிபுணர்கள் முரண்பட்டனர். அதே நிபுணர் மறுமுறை நோக்கியபோது தம் முந்தைய முடிவிலிருந்தே மாறினார். இன்று கணினித் திரை 256 சாம்பற் படிகளை விரித்துக் காட்டலாம். அவற்றுள் பொருளைத் தேர்வது பயின்ற கண்ணும் அறிவுமே.

இன்னுமொன்று. பல்லின் தாதுப்பொருளில் நூற்றுக்கு 30 முதல் 40 வரை கரைந்த பின்னரே படத்தில் கருமை தெளிவாகத் தெரியும். விஞ்ஞானத்தின் கண்ணே இவ்வாறு தாமதித்துக் காணுமாயின், அக்கண்ணும் எட்டாத இடத்தில் வாழ்வோர் நிலை யாது?

இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி, பின்னர் பேராதனையில் நிலைபெற்றது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கோ 1872 முதலே சட்டம் இருந்தது. ஆனால் அன்றைய துரைமாரின் கணக்கில் உடல் என்பது வேலைக்கு உதவும் கருவி. நடமாடும்வரை அது நலமுள்ளதே. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. லயத்திலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளின் கூலியை இழக்கும் தொழிலாளி, வலி பொறுக்கவியலாத நாள்வரை ஒத்திப்போடுதல் வியப்பன்று.

பற்படத்தில் விழாத சாம்பலும் ஒன்றுண்டு. குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் துணையென வெற்றிலை, பாக்கு, புகையிலையை மெல்லும் வாயில், புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்கள் வலியின்றித் தோன்றுகின்றன. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோய் விளைவிப்பதென 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. 2006-2007இல் சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 84 பேர் வாய்ப்புற்றுநோயைக் கேள்விப்பட்டிருந்தனர். அதற்கு முந்திய நிலையை அறிந்தோர் 23 பேர் மட்டுமே. அம்முந்திய நிலை நூற்றுக்கு 11 பேருக்கு மேல் காணப்பட்டது.

இவ்வெண்களின் பொருளை நாம் ஊன்றி உணர்தல் வேண்டும். மக்கள் கருமையை அறிந்திருக்கின்றனர், சாம்பலை அறியார். காப்பாற்றக்கூடிய காலமோ அச்சாம்பலில்தான் உள்ளது.

இக்கண்ணைப் பெறுதல் அரிய செயலன்று. பயிற்சி பெற்ற ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் வாயை நோக்கி இம்மாற்றங்களைக் கண்டறிய வல்லவர்கள் என்பதை இலங்கையில் நடந்து 1984இல் வெளிவந்த ஆய்வொன்று மெய்ப்பித்தது. துடைத்தாலும் போகாத வெண்திட்டு, காரணமின்றித் தோன்றும் செந்திட்டு, வாய் திறக்கவொட்டாத இறுக்கம் — இம்மூன்றையும் ஒரு பாடசாலை மாணவனுக்கும் கற்பிக்கலாம். அவன் தன் பாட்டியின் வாயை வாசலின் வெயிலில் பார்க்கட்டும். ஆசிரியர்களாகிய நமது கடமை அங்கே தொடங்குகின்றது.

எனினும், கண்டபின் செல்லும் ஆஸ்பத்திரியும், செல்லும் நாளுக்குக் கூலியும் இல்லையெனில் கண்டதால் பயனென்ன? கப்பலேறும் இறப்பர்த் தாளில் ஒரு குமிழியும் தப்பாதபடி ஒளிகாட்டத் தெரிந்த தோட்ட நிர்வாகம், அந்த இறப்பர்ப் பாலை வெட்டுபவரின் வாய்க்குள்ளும் ஆண்டுக்கொருமுறை ஒளிகாட்டியே ஆகவேண்டும். அதனைக் கோருவது சலுகை கேட்பதன்று; உழைத்தவரின் உரிமை.