ரோலர் கோஸ்டரும் பயந்த பிள்ளையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கேளிக்கைப் பூங்காக்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. அப்பாவுக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். பிள்ளைக்கோ அதை அண்ணாந்து பார்த்தாலே கை கால் நடுங்குகிறது. "ஒண்ணும் ஆகாதுடா, வா" என்று அப்பா இழுக்க, பிள்ளை அழ, கடைசியில் இருவருக்குமே அன்றைய நாள் கசந்துவிடுகிறது. இந்த இழுபறிக்கு ரோலர் கோஸ்டரின் வரலாற்றிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது.

பனிச் சறுக்கில் தொடக்கம்

ரோலர் கோஸ்டரின் தாயகம் ரஷ்யா. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே மரத்தால் உயரமான சரிவுகள் கட்டி, அவற்றின் மேல் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துச் சறுக்கி விளையாடினார்கள். சறுக்க வந்தவர்கள், பழகிய வழிகாட்டி ஒருவரின் மடியில் அமர்ந்து கீழே இறங்குவதும் வழக்கமாக இருந்தது. ஆக, பயப்படுபவருக்குத் துணையாகத் தெரிந்தவர் ஒருவர் உடன் வருவது இந்த விளையாட்டின் தொடக்க காலத்திலேயே இருந்திருக்கிறது.

1817-ல் பாரிஸ் நகரில் தடத்தோடு பிணைந்த சக்கர வண்டிகள் ஓடத் தொடங்கின. பிரெஞ்சுக்காரர்கள் இதை இன்றும் 'ரஷ்ய மலைகள்' என்றே அழைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ரஷ்யர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'அமெரிக்க மலைகள்'!

மணிக்கு 10 கிலோமீட்டர்

அமெரிக்காவில் இதைப் பெருந்தொழிலாக மாற்றியவர் லாமார்கஸ் தாம்சன். 1884-ஆம் ஆண்டு நியூயார்க்கின் கோனி தீவில் இவருடைய 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' திறக்கப்பட்டது. கட்டணம் 5 சென்ட். உயரம் சுமார் 50 அடி. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான், அதாவது சைக்கிளை மெதுவாக மிதிக்கும் வேகம். ஆனாலும் மக்கள் திரண்டு வந்தார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு அதுவே போதுமான அளவு திகிலாக இருந்தது.

அவசரம் தந்த பாடம்

1895-ல் அதே கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற தலைகீழ் வளையம் வந்தது. வளையம் முழு வட்டமாக இருந்ததால், வண்டி அதில் நுழையும்போது உடலின் மீது திடீரென்று பெரும் விசை தாக்கியது. பலருக்குக் கழுத்து வலிதான் மிச்சம். பின்னாளில் பொறியாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். விசை சிறிது சிறிதாகக் கூடும்படி, வளையத்தை நீர்த்துளி போன்ற வடிவில் அமைத்தார்கள். அப்படி அமைந்ததுதான் 1976-ல் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்'. திகில் அதேதான், அது படிப்படியாக வந்தபோது உடல் அதை ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே ஜான் மில்லர் என்பவர், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும் சக்கரங்களுக்கு 1919-ல் காப்புரிமை பெற்றார். வண்டி மேலெழுந்து தடம் விட்டுப் போகாது என்ற உறுதி கிடைத்த பிறகே, மேடுகள் உயர்ந்தன, சரிவுகள் செங்குத்தாயின.

பிள்ளைகளுக்கென்று ஒரு மலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியது. அவர்களுக்காகவே 'கிட்டிலேண்ட்' எனப்படும் சிறு பூங்காக்கள் பெருகின. சிகாகோ அருகே அப்படியொரு பூங்காவில் 1950-ல் திறக்கப்பட்ட 'லிட்டில் டிப்பர்' என்ற சிறிய மரக் கோஸ்டரில் பல தலைமுறைப் பிள்ளைகள் ஏறினார்கள். 2009-ல் அந்தப் பூங்கா மூடப்பட்டபோதும் அதைக் கைவிட மனமில்லாமல், வேறொரு பூங்காவுக்குக் கொண்டுபோய் 2010-ல் மீண்டும் ஓட விட்டார்கள்.

இன்று ஒவ்வொரு கோஸ்டரின் வாசலிலும் ஓர் உயர அளவுகோல் நிற்கிறது. டிஸ்னிலேண்டில் 1993-ல் வந்த சிறுவர் கோஸ்டருக்கு 35 அங்குலம் போதும். 1959-ல் வந்த 'மேட்டர்ஹார்ன்' கோஸ்டருக்கு 42 அங்குலம் வேண்டும். பாதுகாப்புக் கம்பி உடலோடு சரியாகப் பொருந்துமா என்பதைத்தான் அந்தக் கோல் சொல்லும். மனம் தயாரா என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

பயத்துக்கு மருந்து

பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது, வண்டி மேலேறும்போது கேட்கும் 'டக் டக்' ஓசை. உண்மையில் அது, வண்டி பின்னோக்கி நழுவாமல் தடுக்கும் கொக்கி, பற்களில் விழும் சத்தம். பயம் தரும் அந்த ஓசையே காவலின் ஓசை என்று வெளியே நின்று காட்டி விளக்கினால், பாதிப் பயம் குறையும். வயிற்றில் ஏதோ மிதப்பதுபோல் இருப்பதும் நோயல்ல. மேட்டைக் கடக்கும் நொடியில் உடல் எடையற்றதாக உணர்வதால் வருவது. இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 200-ஐத் தாண்ட ரோலர் கோஸ்டருக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மனித இனமே அவ்வளவு நிதானமாகப் பழகிய ஒன்றை, ஒரு பிள்ளை ஒரே பிற்பகலில் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதலில் சிறிய கோஸ்டர், பிறகு மரக் கோஸ்டர், வளையம் கடைசியில். நடுவில் "வேண்டாம்" என்றால், அந்த வேண்டாமுக்கும் மதிப்புத் தர வேண்டும். இழுத்துக்கொண்டு போய் ஏற்றினால் பிள்ளை ஒருமுறை ஏறும். காத்திருந்தால், "இன்னொரு தடவை போலாமாப்பா?" என்று அதுவே கேட்கும்.