புள்ளலூர்: கல்லுக்குள் அடங்காத களம்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்கள் இரண்டு பழைய போர்க்களங்களுக்கு நடுவில் போகிறார்கள். தெற்கே மணிமங்கலம், வடக்கே காஞ்சிக்கு அந்தப்பக்கம் புள்ளலூர். ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் சங்குச் சத்தத்துக்குப் பழகிய எங்களுக்கு யுத்தம் என்றால் எங்கோ எல்லையில் நடப்பது. நம்ம வயல்வெளியிலும் நடந்தது என்பது மறந்தே போச்சு. இந்த மறதி எப்படி உற்பத்தியாகிறது என்பதே என் கேள்வி.

ஏழாம் நூற்றாண்டை எடுத்துக்கொள்வோம். புள்ளலூரில் மகேந்திரவர்மன் தன் முக்கியப் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. யாரை என்று சொல்லவில்லை. இரண்டாம் புலிகேசியின் அய்ஹொளெக் கல்வெட்டோ (634) பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளியவைக்கிறது. பெயர் சொல்லாத இடத்தில் புலிகேசியை நிரப்பியவர்கள் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள். ஆக, களம் என்பது மண்ணில் மட்டுமல்ல, பிரதிகளுக்கு இடையிலும் கிடக்கிறது.

1780 செப்டம்பர் 10. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை காஞ்சியில் நின்ற மன்றோவோடு சேருமுன் திப்புவும் ஹைதர் அலியும் இதே புள்ளலூர்ப் பக்கம் அதை நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மன்றோ கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். வெற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் சுவரோவியம் ஆனது.

களத்தில் என்ன மிஞ்சியது? ஊரில் இரண்டு நினைவுத் தூண்கள். அவையும் பெய்லியின் படைக்கானவை அல்ல. அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27இல், அயர் கூட் ஹைதரோடு மோதியபோது இறந்த ஜார்ஜ் பிரௌன், ஜேம்ஸ் ஹிஸ்லப் என்ற இரு அதிகாரிகளுக்கானவை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை. அரசர்களுக்குச் சுவர், அதிகாரிகளுக்குத் தூண், சிப்பாய்க்கு மண். அவ்வளவுதான்.

குடியானவர்களுக்கு? அவர்களுடைய நினைவுச்சின்னம் புள்ளலூரில் இல்லை, வடசென்னையில் ஒரு சொல்லாக இருக்கிறது. யுத்தம் நாட்டுப்புறத்தைச் சூறையாட, பஞ்சம் வந்தது. பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்கு 1782இல் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சனங்கள் சொன்னார்கள். பட்டயம் எழுதாததை வாய் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பாதுகாப்பு என்ற சொல்லையும் இங்கே விசாரிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என வட்டம் போடுகின்றன. தூணுக்கு வட்டம் போடலாம். பல மைல் பரந்து நடந்த சண்டைக்கு? ஏரிக்கரை, வாய்க்கால், படை நடந்த தடம், உழும்போது கிளம்பும் குண்டு, இவையெல்லாம் சின்னமாகாது. 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டு, ஏகனாபுரம் சனங்கள் நிலத்துக்காகப் போராடியபோது இந்த வட்டாரமே பேச்சுக்கு வந்தது. போர்க்களம் என்ற பேச்சு மட்டும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் வேலி போடு என்று நான் சொல்லவில்லை. உழுகிற நிலம் உழப்படட்டும். களத்தை இத்தனை காலம் காத்ததும் அந்த உழவுதான். நான் கேட்பது சின்ன வேலை: நிலத்தைக் கையகப்படுத்துமுன் ஒரு களவரைபடம், உழவர் கையில் கிடைத்த பொருள்களின் பதிவு, ஊர்ப் பெரியவர்களின் பேச்சு. தூணைக் காப்பாற்றிவிட்டுக் களத்தை இழந்தால், மிஞ்சுவது இரண்டு அதிகாரிகளின் வரலாறுதான்.