ஆர்.எக்ஸ் 100 வாங்கப்போறீங்களா? பக்கத்துல நிற்கிற சி.டி 100-ஐயும் ஒரு பார்வை பாருங்க!

'பழைய ஆர்.எக்ஸ் 100 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, எடுத்துடலாமா மச்சி?' - இந்தக் கேள்வி உங்க வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திருக்கும். ரீல்ஸில் அந்த சைலன்சர் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால், அதே காலத்து ஹீரோ ஹோண்டா சி.டி 100 ஓரமாக நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் ரெண்டும் ஒரே வயசு பாஸ்!

இரண்டுமே 1985-ல் இந்தியச் சாலைக்கு வந்தவை. இரண்டிலும் நாலு கியர், டிரம் பிரேக். யமஹாவுக்கு 98 சிசி, ஹோண்டாவுக்கு 97.2 சிசி. ஆனால் யமஹா 11 குதிரைத்திறன் தரும். ஹோண்டா ஏழைத் தாண்டவே யோசிக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஆர்.எக்ஸ் ஒரு டு-ஸ்ட்ரோக். கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் உள்ளே பெட்ரோல் எரியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கான சி.டி 100-ல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். சுமார் 100 கிலோ எடை மட்டுமே உள்ள வண்டியில் அந்த பவர் மொத்தமா வந்து இறங்கும்போது, த்ராட்டிலைத் திருகின நொடியே புரிஞ்சிடும். அதற்கான விலை? எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். புகை விதிகள் இறுகிய 1996-ல் ஆர்.எக்ஸ் 100 உற்பத்தி நின்றதற்கும் இதுதான் காரணம்.

சி.டி 100-ன் கதையே வேறு. 'பெட்ரோல் போடு, மூடு, மறந்துடு' என்பதுதான் அதன் விளம்பரமே. நிஜமாவே அப்படித்தான் ஓடியது!

இப்போ பர்ஸுக்கு வருவோம். மாசம் 1,000 கி.மீ ஓட்டுறீங்கன்னு வைங்க. லிட்டருக்கு 40 கி.மீ கொடுத்தால் ஆர்.எக்ஸுக்கு 25 லிட்டர் வேணும். 65 கொடுக்கிற சி.டி 100-க்கு 15 லிட்டர் சொச்சம் போதும். பெட்ரோல் 100 ரூபாய் விக்கிற ஊர்ல மாசம் சுமார் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். டு-டி ஆயில் செலவு தனி. தினமும் ஆபீஸ் போக ஒரே வண்டிதான்னா, என் ஓட்டு சி.டி 100-க்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து ஓட்ட ரெண்டாவது வண்டின்னா, தாராளமா ஆர்.எக்ஸ். (நானும் அந்த சத்தத்துக்கு மயங்குற ஆள்தான்!)

ஆர்.எக்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டா, முதலில் ஆயில் பம்ப் வேலை செய்யுதான்னு பாருங்க. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றச் சொன்னால், பம்ப்பைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். கலக்க மறந்தால் இன்ஜின் சீஸ் ஆகிடும். போர், பிஸ்டன் செலவு உங்க தலையில்தான்.

அடுத்து ஆர்.சி. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். புதுப்பிக்காத வண்டியை 'பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். 1996-ஐ எல்லாம் தாண்டின வருஷம் ஆர்.சி-யில் இருந்தால் உஷார். பின்னாடி வந்த ஆர்.எக்ஸ் 135-க்கு 100-ன் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கலாம். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் துணியால் துடைத்து, ஆர்.சி-யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க.