கனடா நாட்டில் பிரெஞ்சு மொழி காத்த பங்குப் பள்ளிகள்

ஜூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய கதை இருக்கும்; பணியாற்றிய பங்குத் தந்தையர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பங்கின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் கிடைத்தாலே பெரிது. அந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் நடக்கும் நாடகம், பேச்சுப் போட்டி, குடில் முன் பாடும் பாட்டு ஆகியவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்க மாட்டோம். அவை படிப்பின் நடுவே வரும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. இத்தகைய மேடைகளின் துணையால் ஒரு மொழியை அரை நூற்றாண்டுக் காலம் காப்பாற்றிய கத்தோலிக்க மக்களைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அவர்கள் வாழும் இடம் கனடாவின் மானிட்டோபா மாநிலம். அவர்கள் காத்த மொழி பிரெஞ்சு.

பிரெஞ்சு மொழி நம் திருச்சபைக்கு அந்நியமன்று. புதுவை மறைமாநிலத்தில் பணிபுரிந்த பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் நம் மொழியைக் கற்று, 1855-ஆம் ஆண்டில் தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதியைப் புதுவை மிஷன் அச்சகத்தில் அச்சிட்டார்கள். அதே காலத்தில் அவர்களுடைய மொழியினர் கடலுக்கப்பால் பனி மூடிய சமவெளியில் வேறொரு பங்கை வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கியூபெக் ஆயரால் அனுப்பப்பட்ட புரொவான்ஷே அடிகள் செந்நதிக் கரையில் வந்திறங்கினார். அங்கே அவர் கட்டிய சிற்றாலயத்துக்குப் புனித போனிபாஸ் பெயரிட்டார். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. கோவிலோடு பள்ளியும் தொடங்கியது. 1844-இல் மக்கள் 'சாம்பல் கன்னியர்' என்றழைத்த சபையைச் சேர்ந்த நால்வர் மொந்த்ரியாலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் படகில் பயணம் செய்து வந்து சேர்ந்தனர். அவர்களுக்காகக் கருவாலி மரத்தால் கட்டப்பட்ட மடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. வினிப்பெக் நகரிலேயே மிகப் பழைய கட்டடம் அதுதான் என்பார்கள்.

அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் மெத்தீஸ் என்னும் இனத்தவர். தோல் வணிகத்துக்காகப் படகோட்டி வந்த பிரெஞ்சுக்காரருக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் அவர்களுள் பலர். அவர்களுடைய தலைவர் லூயி ரியேலின் போராட்டத்தால் 1870-இல் மானிட்டோபா தனி மாநிலமாயிற்று. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் சம இடம் உண்டு என்றும், அவரவர் சமயப் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டது. அந்த வாக்குறுதி 20 ஆண்டுகளே நிலைத்தது. கிழக்கிலிருந்து ஆங்கிலம் பேசுவோர் பெருந்திரளாகக் குடியேறினர். 1885-இல் ரியேல் தூக்கிலிடப்பட்டு, செயிண்ட் போனிபஸ் பேராலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1890-இல் மாநில அரசு பிரெஞ்சு மொழியின் அரசுத் தகுதியை நீக்கியதோடு கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பொதுப் பணத்தையும் நிறுத்தியது.

வழக்கு இலண்டன் வரை சென்றது. இறுதியில் 1896-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சு பேசினால் அம்மொழியிலும் ஆங்கிலத்திலுமாகப் பாடம் நடத்தலாம். மறைக்கல்விக்குப் பள்ளி நாளின் கடைசி அரைமணி நேரம். அடுத்த ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இது பற்றியே ஒரு திருமடல் எழுதினார். ஒப்பந்தம் குறைபாடுடையது, போதாதது. ஆயினும் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பது அதன் சாரம். ஒரு மூலையிலிருந்த பள்ளிப் பிரச்சினைக்காக உரோமையிலிருந்து தனித் திருமடலே சென்றது என்றால் அதன் முக்கியத்துவத்தை நாம் ஊகிக்கலாம்.

அந்தப் பத்துப் பிள்ளைக் கணக்கு நிலைக்கவில்லை. உக்ரேனியர், போலந்தினர், ஜெர்மானியர் ஆகியோரும் அதே விதியைக் கொண்டு தத்தம் மொழியில் பள்ளி நடத்தினர். போர்க்காலம் வேறு. 1916-இல் இருமொழிக் கல்வியே முற்றிலும் ஒழிக்கப்பட்டது. வகுப்பறையில் ஆங்கிலம் மட்டுமே.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கதை தொடங்குகிறது. சட்டம் வந்த அதே ஆண்டில் பிரெஞ்சு மக்கள் கூடி ஒரு கல்விச் சங்கம் அமைத்தார்கள். பேராயர் பெலிவோ அதற்குத் துணை நின்றார். பெயர் சங்கம், செய்த வேலையோ ஒரு கல்வித் துறையின் வேலை. பாடத்திட்டம் வகுத்தார்கள், தங்கள் சொந்தப் பார்வையாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், நன்கொடை திரட்டினார்கள். கிராமப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அதே பங்கின் குடியானவர்கள் அல்லவா? அவர்களே கன்னியரையும் தங்கள் ஊர்ப் பெண்களையும் ஆசிரியராக அமர்த்தினார்கள். அரசு ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும் பிரெஞ்சுப் புத்தகங்கள் மேசைக்குள் போய்விடும், ஆங்கிலப் புத்தகங்கள் வெளியே வரும். இந்தக் கதையை அந்த ஊரில் இரண்டு தலைமுறைகள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. அன்று ஆசிரியைகளுக்கு அது சிரிப்பாக இருந்திராது.

ஒளித்துப் படித்தால் எழுத்து வரும், மொழி வாழாது. ஒரு மொழியில் உரக்கப் பேச வேண்டும், பாட வேண்டும், பிறர் கைதட்ட வேண்டும். ஆகவே 1920-களில் சங்கம் மாநிலம் முழுவதற்குமான பிரெஞ்சுப் போட்டித் தேர்வைத் தொடங்கி ஆண்டுதோறும் நடத்தியது. அரசு அங்கீகரிக்காத தேர்வு. அதில் வாங்கும் மதிப்பெண்ணால் எந்த வேலையும் கிடைக்காது. ஆனாலும் பிள்ளைகள் எழுதினார்கள். வென்றவர்களுக்குப் பதக்கமும் பரிசும் உண்டு. நம் மறைக்கல்வித் தேர்வில் முதற்பரிசு வாங்கிய பிள்ளையின் பெற்றோர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஜூன் 24-ஆம் நாள் அர்ச்சிஷ்ட ஸ்நாபக அருளப்பர் திருநாள் பிரெஞ்சுக் கனடியருக்குத் தேசியத் திருநாளும் ஆகும். திருப்பலியோடு பாட்டும் ஊர்வலமும் சேர்ந்துகொண்டன. 1925-இல் செயிண்ட் போனிபஸில் 'செர்க்கிள் மோலியேர்' என்ற நாடகக் குழு பிறந்தது.

அக்குழுவில் நடித்த இளம் ஆசிரியை ஒருவரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கபிரியேல் ருவா 1909-இல் அவ்வூரில் பிறந்தவர். கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் பள்ளியில் படித்து, அந்தப் பிரெஞ்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவர். 1930-களில் புரொவான்ஷே பெயரால் அமைந்த பள்ளியில் சிறுவர்களுக்கு முதல் வகுப்பு எடுத்தார். பிரெஞ்சு பேசக்கூடாத பள்ளிச் சட்டத்தின் கீழ் வளர்ந்த இந்தப் பெண், பிற்காலத்தில் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவலுக்கு 1947-இல் பிரான்ஸ் நாட்டின் ஃபெமினா பரிசு கிடைத்தது. தாம் கற்பித்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி 1977-இல் அவர் வெளியிட்ட கதைகளை ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்போம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்வது முறை. தம் மொழிக்காக இப்படிப் போராடிய அதே திருச்சபையைச் சேர்ந்த சபைகள் கனடா எங்கும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்குச் சென்று அந்தப் பள்ளிகளில் நடந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். தன் மொழி பறிபோவது என்ன வேதனை என்று அறிந்தவர்களே பிறர் மொழியைப் பறித்ததை நம்மால் எளிதில் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

1946-இல் அவ்வூர் மக்கள் நன்கொடை சேர்த்து மேற்குக் கனடாவின் முதல் பிரெஞ்சு வானொலி நிலையத்தை நிறுவினார்கள். சட்டமும் மெல்ல மெல்ல இளகியது. 1967-இல் பள்ளி நாளில் பாதியைப் பிரெஞ்சில் நடத்த அனுமதி. 1970-இல் பிரெஞ்சு மீண்டும் முழுப் பயிற்றுமொழி. இடையில் 1968 ஜூலையில் பேராலயம் தீக்கிரையானது. எரிந்து நின்ற முகப்புச் சுவரை இடிக்காமல் அதன் பின்னே புதிய ஆலயம் எழுப்பி 1972-இல் முடித்தார்கள்.

1970 மாநிலத்தின் நூற்றாண்டும் ஆகும். அந்த ஆண்டின் குளிர்காலத்தில் செயிண்ட் போனிபஸ் மக்கள் 'வொயாஜர் விழா' எனும் ஒன்றைத் தொடங்கினார்கள். வொயாஜர் என்பவர் அந்நாளில் தோல் மூட்டைகளோடு படகு வலித்த தொழிலாளி, எழுத்தறியாத ஏழை. அவரையே விழா நாயகராக்கியது எமக்கு மிகவும் பிடித்த செய்தி. பிப்ரவரி மாதக் கடுங்குளிரில் இடுப்பில் பலநிற நெசவுக் கச்சை கட்டி, பிடில் இசைக்கு ஆடி, பட்டாணிச் சாறு குடித்து, பனிக்கட்டியில் சிற்பம் செதுக்குவார்கள். மேப்பிள் மரப் பாகைக் கொதிக்கக் கொதிக்கப் பனியின்மேல் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தின்பது பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. வார நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.

வருகிறவர்களில் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்லர் என்பதே வியப்பு. 1965-இல் கியூபெக்கின் செயிண்ட் லாம்பெர்ட் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சுப் பாடம் படித்தும் அடுத்த வீட்டாரோடு பேச முடியவில்லையே என்று எண்ணி, மழலையர் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் நடத்தும் முறையைக் கேட்டுப் பெற்றார்கள். பேராசிரியர்கள் ஆராய்ந்து, இதனால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடவில்லை என்று 1972-இல் நூல் வெளியிட்டனர். இம்முறை விரைவில் வினிப்பெக்குக்கும் வந்தது. 1916-இல் எந்த மொழியை வகுப்பிலிருந்து வெளியேற்றினார்களோ அதே மொழியை ஆங்கிலக் குடும்பங்கள் தாங்களாகவே கேட்டு வாங்கின. 1977-இல் அத்தகைய பெற்றோர் நாடளாவிய சங்கமே அமைத்துப் பேச்சுப் போட்டிகள் நடத்தத் தொடங்கினர். இன்று மானிட்டோபாவில் இம்முறையில் பயில்வோர் இருபதாயிரத்துக்கும் மேல்.

விழாவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஃபோரே என்னும் காப்பீட்டு முகவர் 1976-இல் வண்டி நிறுத்தியதற்காக ஐந்து டாலர் அபராதச் சீட்டுப் பெற்றார். சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவர் பணம் கட்டாமல் வழக்குத் தொடுத்தார். 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஆட்டமும் பாட்டமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டத் தோன்றுகிறது.

இரு சாராரும் ஒரே விழாவில் ஆடினாலும் பள்ளி ஒன்றாகவில்லை. ஆங்கில வீட்டுப் பிள்ளைகள் நிறைந்தால் விளையாட்டுத் திடலின் மொழி ஆங்கிலமாகிவிடும் என்று பிரெஞ்சுப் பெற்றோர் அஞ்சினார்கள். அது வீண் அச்சமன்று. வகுப்பில் ஆசிரியர் பேசும் மொழியைவிடப் பந்து எறியும்போது பிள்ளை கத்தும் மொழியே அதன் சொந்த மொழி. நீண்ட வழக்குகளுக்குப் பின் 1994-இல் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கென்று தனிப் பள்ளி நிர்வாகம் இயங்கத் தொடங்கியது. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகளும் ஆங்கில வீடுகளிலிருந்து பிரெஞ்சு கற்க வரும் பிள்ளைகளும் செர்க்கிள் மோலியேர் நடத்தும் மாணவர் நாடக விழாவில் ஒரே மேடையில் நடிக்கிறார்கள். 1925-இல் தொடங்கிய அக்குழு 2010-இல் செயிண்ட் போனிபஸிலேயே தனக்கெனப் புதிய அரங்கம் கட்டிக்கொண்டது.