பழைய வீட்டு வயரிங்... எதை நீங்களே செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

விருதுநகர் மாவட்டம் நரிக்குடி பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. தாத்தா கட்டின வீடு அங்கே இருக்கா? ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

எர்த்: மண் காய்ந்தால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறையும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். கோடையில் மறக்காம ஊற்றுங்க. பிளக் பாயின்ட்டில் மூன்று துளை இருந்தாலும், பின்னால் எர்த் வயர் இல்லாமலே இருக்கலாம்.

ஃப்யூஸ்: அடிக்கடி போகுதேன்னு தடிமனான கம்பியைக் கட்டாதீங்க. ஃப்யூஸுக்குப் பதிலா சுவருக்குள் வயர் எரியும்.

ஆர்.சி.சி.பி: எம்.சி.பி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி வேண்டும். உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குக் கசிந்தால் நொடியில் துண்டிக்கும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்க.

நீங்களே செய்யலாம்: பல்பு, ஹோல்டர், பிளக் டாப் மாற்றுவது. மெயினை ஆஃப் பண்ணும் முன், கரன்ட் உள்ள பாயின்ட்டில் டெஸ்டர் எரியுதான்னு பாருங்க. ஆஃப் பண்ணியதும் அதே டெஸ்டரால் வேலை செய்யும் இடத்தைச் சோதிங்க.

தொடாதீங்க: மீட்டர், ஈரச் சுவர், உறை உதிர்ந்த பழைய வயர். வயரிங்குக்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன். மீட்டர், கம்பத்துப் பிரச்னைக்கு மின்னகம் 94987 94987.

யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் ஆளைப் பிடிக்காதீங்க. முதலில் மெயினை அணைங்க!